மரத்தில் இரண்டு தட்டு

காட்டுக்குள் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த அன்றே சொன்ன விதி. கூப்பிடுவதற்குப் பதிலாக மரத்தில் தட்டலாம் என்பது என் யோசனை. அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் இரண்டு தட்டினால், நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். கேட்டவனும் இரண்டு தட்ட வேண்டும். மூன்று தட்டினால், இங்கே வா. உரக்கப் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. பொள்ளாச்சியில் தேங்காய்க் களத்தில் இருந்தபோதும் டீ வேண்டுமா என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டுவேன். அதனால் இந்த ஏற்பாடு எனக்கு நிம்மதியாக இருந்தது.

மலையடிவாரத்தில் வேட்டைத் தடுப்புக் காவலுக்கு நாங்கள் இரண்டு பேர். கூட்டாளி என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் ஓயாதவன். சுருக்குக் கம்பிகளைத் தேடி எடுப்பதுதான் முக்கிய வேலை. வேட்டைக்காரர்கள் பைக்கின் பிரேக் வயரைச் சுருக்காக்கி, விலங்குகள் நடக்கிற தடத்தில் மறைத்து, மறுமுனையை மரத்தில் முறுக்கிவிடுவார்கள். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். இழுக்க இழுக்க இறுகும்.

"ஏனுங்ண்ணா, ஆனை எதுக்க வந்தா நீங்க எங்கிட்டச் சொல்லுவீங்களா, இல்ல அதுக்கும் மரத்தத்தான் தட்டுவீங்களா?" என்று கேலி செய்வான். "நீங்க ரோசன பண்ணி வாயத் தொறக்கறதுக்குள்ள அது குட்டி போட்டு, குட்டிக்குப் பேரும் வெச்சிருமுங்கோ."

நான் சிரித்துக்கொள்வேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை. மழை விட்டு மேகம் தரையோடு இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் மரம் எது, புதர் எது என்று தெரியாது. ஓடைக்கு வலது கரையில் அவன், இடது கரையில் நான். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டு, மேலே பெரிய பாறையில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு.

முதல் இரண்டு முறை வலது பக்கமிருந்து பதில் வந்தது. மூன்றாம் முறை நான் தட்டியபோது, பதில் இடது பக்கம் மேட்டிலிருந்து வந்தது. கம்பி ஏதாவது கண்ணில் பட்டு ஓடையைத் தாண்டி வந்திருப்பான் என்று நினைத்து மேடேறினேன். மறுபடி தட்டினேன். பதில் இன்னும் மேலே. நடந்தேன். இன்னும் மேலே. சில்வண்டுச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நின்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. என் கூட்டாளி தட்டினால் அதுவும் வளவளவென்றுதான் இருக்கும். இரண்டு முடிந்ததும் சின்னதாக ஒன்று சேர்ந்து விழும். இந்தப் பதில்களில் அது இல்லை. ஒரே அளவு, ஒரே இடைவெளி. நான் தட்டுவதைப் போலவே இருந்தது.

நான்கு தட்டினேன். நான்குக்கு எங்களிடம் அர்த்தம் கிடையாது.

மேட்டிலிருந்து நிதானமாக நான்கு வந்தது.

அது அவன் இல்லை என்றால் அவன் எங்கே? அவன் ஏன் தட்டவில்லை? கீழே ஓடைப் பக்கம் மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. யானைகள் மேய்கின்றன. கூப்பிட்டால் அவை கலையும். அவன் அவற்றுக்கு நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. கூப்பிடாவிட்டால் அவன் எங்கே கிடக்கிறான் என்பதே தெரியாது. நான் வாயைத் திறந்து அவன் பெயரைச் சொன்னேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை கத்தினேன்.

மூங்கில் ஒடிகிற சத்தம் நின்றது. காடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு கீழே பள்ளத்திலிருந்து, வெகு மெதுவாக, "இங்கீங்ண்ணா."

உட்கார்ந்தும் சறுக்கியும் இறங்கி ஓடையைத் தாண்டினேன். அவன் கரைச் சேற்றில் மல்லாந்து கிடந்தான். கணுக்காலில் சுருக்கு, மறுமுனை மேலே ஒரு வேரில். அரிவாள் விழுந்து தண்ணீருக்குள் போயிருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மரமும் இல்லை. கரைக்கு மேலே மூங்கிலுக்குள் சாம்பல் நிறத்தில் முதுகுகள் அசையாமல் நின்றன. குட்டியும் இருந்தது.

பையிலிருந்து வெட்டுக்குறடு ஒன்றை எடுத்து, மூச்சுவிடாமல் கம்பியை நறுக்கினேன். ஒவ்வொரு இழையாகத்தான் அறுந்தது. அவன் என் காதோரம் முணுமுணுத்தான்.

"நீங்க தட்டுனது கேட்டுச்சுங்ண்ணா. வேற ஆரோ பதில் தட்டுனாங்க. நீங்க அந்தச் சத்தத்துக்குப் பொறகாலயே போறீங்க. எனக்கு அழுவாச்சி வந்துபோட்டுது."

"கூப்புட்டிருக்கலாமல்ல?"

"குட்டியோட நிக்குது. எப்புடிங்க கூப்புடறது? நீங்களே வாயத் தொறந்த பொறவு நான் சும்மா இருந்தா நல்லாருக்குமுங்களா?"

கடைசி இழை அறுந்தது. அதே நேரம் மேட்டிலிருந்து இரண்டு தட்டு. நாங்கள் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, மூன்று.

இங்கே வா.

அவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "நம்ம தட்டுக் கணக்க நான் ஆருகிட்டயும் சொன்னதில்லீங்ண்ணா," என்றான். நானும் சொன்னதில்லை. அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு, ஓடைத் தண்ணீரிலேயே நடந்து வெளியே வந்தோம். யானைகள் எங்களை விட்டுவிட்டன.

மறுநாள் வனச்சரகர் ஆட்களோடு மேட்டுக்குப் போனோம். தடம் நெடுக நிறையக் கம்பிகள். ஒரு வேங்கை மரத்தில், சரியாக என் தோள் உயரத்தில், அரிவாள் முதுகு பட்ட காயங்கள். சிலதில் சிவப்புப் பால் இன்னும் காயவில்லை. பலது பழையது. கம்பி வைக்கிறவர்கள்தான் நாங்கள் தட்டுவதைக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள் என்றார் சரகர். எங்கே நிற்கிறோம் என்பதை நாங்களே தினமும் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மழையில் ஊறிய அந்த மண்ணில் எங்கள் காலடிகளைத் தவிர வேறு காலடி இல்லை.

இப்போது நாங்கள் தட்டுவதில்லை. நான் வாயால்தான் கூப்பிடுகிறேன். அவன் இன்னும் லேசாகக் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். மேகம் இறங்கிய சில காலைகளில் மேட்டிலிருந்து இரண்டு தட்டு கேட்கும். இரண்டு பேரும் நின்றுவிடுவோம். நான் அவன் பெயரைச் சொல்வேன். அவன் பக்கத்தில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், "இங்கீங்ண்ணா" என்று அவன் சொல்லிக் கேட்ட பிறகுதான் அடுத்த அடி வைப்பேன்.