வெட்டாமல் எண்ணியவனுக்கு வந்த டெங்கு

போன வியாழக்கிழமை எனக்கு டெங்கு வந்தது. ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை... நானாக எடுத்த முடிவுதான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் – காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே, தலை நரைத்த பிறகு பிஎச்.டி. செய்கிற ஆள் நான். வெள்ளிக்கிழமை கடைசி செமினார். ஏற்கெனவே தள்ளிப்போட்டாயிற்று. இதையும் விட்டால் பதிவே ரத்து.

ஒரு வளையம் எப்போது கோரென்ஸ்டீன் ஆகும் என்பது என் தலைப்பு. பயப்படாதீர்கள், அது என் டிபார்ட்மென்ட். வளையம் என்றால் கூட்டவும் பெருக்கவும் முடிகிற ஒரு கும்பல் – வீட்டைச் சொல்லவில்லை, எண்களைப் போல. அதில் குள்ளம், உயரம் என்று இரண்டு ரகம். குள்ள வளையத்தில் சில ஆட்களை ஒருவரோடு ஒருவர் பெருக்கிக்கொண்டே போனால் பூஜ்யத்தில்தான் போய் விழுவார்கள். விழுவதற்கு ஒரு படி முன்னால் நிற்கிற கடைசி ஆள் ஒரே ஒருவர் என்றால், கோரென்ஸ்டீன். பலர் நின்றால் இல்லை.

உயரமான வளையம் என்றால்? யாரையும் பூஜ்யமாக்காத ஆளாகப் பார்த்துக் கத்தியாக எடுத்து, வெட்டி வெட்டிக் குள்ளமாக்க வேண்டும். அப்புறம்தான் கடைசி ஆளை எண்ண வேண்டும். வெட்டவே வரவில்லையா? கோரென்ஸ்டீன் இல்லை. பேச்சே கிடையாது.

நான் வெட்ட வருமா என்றே பார்க்காமல், வெட்டாமலே எண்ணி, கடைசி ஆள் ஒருவர் என்றாலே கோரென்ஸ்டீன் என்று என் தேற்றத்தில் எழுதிவிட்டேன். சுலபமாக இருக்கிறதே என்று குள்ள வளையங்களிலேயே சரிபார்த்துப் பழகிய சோம்பேறித்தனம்.

வியாழக்கிழமை மாலை எண்ணூர் ரோட்டில், நகராத டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றது. பொழுது போகாமல் ஓர் உயர வளையத்தை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். எக்ஸை எக்ஸால் பெருக்கினால் பூஜ்யம், ஒய்யால் பெருக்கினாலும் பூஜ்யம். ஒய்யை ஒய்யால் எத்தனை தடவை பெருக்கினாலும் சாகாது. கடைசி ஆள் எக்ஸ் ஒருவர்தான். ஆக, என் தேற்றப்படி இது கோரென்ஸ்டீன். ஆனால், எந்தக் கத்தியை எடுத்தாலும் எக்ஸ் காலி, வெட்டவே வராது. அதாவது... என் தேற்றமும் காலி.

டெங்கு ஆரம்பித்தது அங்கேதான்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், கைடு மேடத்துக்கு போன் போட்டு எனக்கு உடம்பு சரியில்லை, டெங்கு என்று சொல்லிவிடும்படி என் மனைவி ஸ்டெல்லாவிடம் கெஞ்சினேன். அவள் ராயபுரத்துக்காரி. என் தட்டைப் பார்த்தாள்.

"டெங்கு வந்தவன் மூணாவது தபா சுறாப்புட்டு கேப்பானா? இன்னா ஆச்சின்னு ஒயுங்கா சொல்லுயா."

சொன்னேன். எக்ஸ், ஒய் எல்லாம் அவளுக்கு வேண்டாம். தப்பு யார் கண்ணில் பட்டது என்று மட்டும் கேட்டாள். என் கண்ணில்தான் என்றேன்.

"அப்ப நீயே போயி சொல்லு. அவுங்க கண்டுபுட்ச்சாங்கன்னா, அந்த மூஞ்சிய வருசம் பூரா நான்தான் பாத்துகினு கெடக்கணும்."

மறுநாள் போனேன். பயம் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். வணக்கம் சொன்ன கையோடு, என் தேற்றத்தைக் கவிழ்த்த அந்த வளையத்தை நானே போர்டில் எழுதினேன். என்னைவிட வயதில் சின்னவரான கைடு மேடம் குடித்துக்கொண்டிருந்த டீயை மேஜையில் வைத்தார்.

"அப்ப உங்க தேற்றத்துல என்ன சார் மிச்சம்?" என்றார்.

"வெட்ட வர்ற வளையங்களுக்கு நிக்கும் மேடம். என்னோடதுல எதெல்லாம் வெட்ட வரும்னு இனிமே நான் நிரூபிக்கணும். நிரூபிப்பேன்."

குரல் நடுங்கியதா? நடுங்கியது. ஆனால் வார்த்தையை வாபஸ் வாங்கவில்லை. வெட்ட வரவேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து எழுதிக்கொண்டு வரும்படி செமினார் கமிட்டியில் சொன்னார்கள். பதிவு பிழைத்தது.

நமக்கு வசதியான இடத்திலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லா இடத்திலும் ஜெயித்ததாக நினைப்பது... கணக்கு வாத்தியாருக்கு மட்டும் வருகிற வியாதியா என்ன?

வீடு திரும்பியதும் ஸ்டெல்லா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, டெங்கு இறங்கிவிட்டதா என்று விசாரித்தாள்.

இறங்கிவிட்டது என்றேன் – மிச்சம் சுறாப்புட்டு இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு!