எக்கோ வைத்த துட்டி அறிவிப்பு

எங்கள் அத்தானுக்குத் தெரிந்த ஒரே ஆடியோ வேலை, கல்யாண மண்டபத்தில் மைக்கைத் தட்டிவிட்டு ‘அலோ, அலோ’ என்பது. அக்காவைக் கட்டிய உரிமையில் எங்கள் இலஞ்சி வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தான் நிபுணர். பள்ளிப் பாடங்களை ஆடியோவாக்கித் தரும் வேலையை நான் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், ஆடாசிட்டி என்கிற இலவச ஒலிப்பதிவு சாப்ட்வேர், ஒரு மைக், இவ்வளவுதான் என் ஸ்டுடியோ. “ஓசியில கெடைக்கிற சாப்ட்வேர்ல என்னத்த ஒழுங்கா வரும்?” என்று தீபாவளிக்குத் தீபாவளி கேட்பார். இத்தனைக்கும் அவர் லேப்டாப்பில் இருந்ததெல்லாம் திருட்டு சாப்ட்வேர். ஓசி கேவலமாம், திருட்டு கௌரவமாம்.

அப்பா ஒரு விடியற்காலையில் போய்விட்டார். சாயங்காலம் எடுப்பது என்று முடிவாயிற்று. எனக்கு ஒரே கவலை, அப்பாவின் சிநேகிதர். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போட்டிருப்பவர், தனிக்கட்டை. பள்ளிக்கூட நாளிலிருந்து அப்பாவோடு கூடவே இருந்தவர். அவர் முகம் பார்க்காமல் அப்பாவை அனுப்பக் கூடாது. போனை வீட்டில் போட்டுவிட்டு வயலுக்குப் போகிற மனுஷர். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

“யாரையாவது பைக்ல அனுப்புங்க அத்தான்” என்றேன்.

“அதான் துட்டி சொல்ல மைக் கட்டி ஆட்டோ போவுதுல்லா? ஆளு வேற எதுக்கு?”

சரி, சாவுச் செய்தி சொல்லப் போகிற ஆட்டோவாவது உருப்படியாகப் பேசட்டும் என்று பின்னறைக் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, நானே பதிவு செய்தேன். கூடத்தில் அழுகைச் சத்தம். எனக்கும் அழ வேண்டும்தான். குரல் போய்விடுமென்று அடக்கிக்கொண்டேன். ஆட்டோவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு அடிக்குரல் ஆகாது, அதைக் குறைத்தேன். அப்பா பேர், ஊர், எடுக்கிற நேரம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இடைவெளி விட்டேன். ஓடுகிற வண்டியிலிருந்து வயலில் நிற்பவர் காதில் விழ வேண்டுமே. பென்டிரைவில் ஏற்றி அத்தான் கையில் கொடுத்தேன்.

அவர் அதைத் தென்காசியில் ஒரு கடைக்குக் கொண்டு போனார். குற்றால சீசனில் ஐந்தருவிப் பக்கத்துச் சிப்ஸ் கடைகளுக்கு விளம்பரம் பதிவு செய்கிற கடை. எங்கள் பக்கத்தில் எக்கோ இல்லாத குரலுக்கு மரியாதை கிடையாது. கோயில் கொடைத் திருவிழாவா, ஆடித் தள்ளுபடியா, சாவா, எதுவானாலும் கடைசி எழுத்து மலையில் முட்டித் திரும்பியாக வேண்டும். என் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைக்காரரைப் பேசவைத்து, எக்கோவை முழுக்க ஏற்றி, முன்னால் உருமி மேளமும் சேர்த்து வாங்கி வந்துவிட்டார்.

ஆட்டோ தெருமுனையில் கிளம்பியபோதுதான் கேட்டேன். அப்பா பேர் எனக்கே விளங்கவில்லை.

“என்ன கூத்து அத்தான் இது?”

“உன்னது சப்புன்னு இருந்துச்சு பிள்ள. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு கெத்து இருக்குல்லா?”

கெத்தாம். செத்தவர் பேர் புரியாத கெத்து. அக்கா என் கையைப் பிடித்து, “ஏட்டி, துட்டி வீட்டுல சண்ட போடாத” என்றாள். பைக் வைத்திருந்த ஆண்கள் எல்லாரையும் கேட்டேன். எல்லாரும் அத்தான் முகத்தைப் பார்த்தார்கள், ஒருத்தரும் அசையவில்லை. சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் சிநேகிதர் வரவில்லை. எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பந்தலைப் பிரித்தாயிற்று. அத்தானும் மற்ற ஆண்களும் காடாத்துக்கு, சுடுகாட்டில் சாம்பல் எடுக்கப் போயிருந்த நேரத்தில் சிநேகிதர் வந்தார். வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, முகத்தில் சிரிப்பு.

“நேத்து வயக்காட்டு வழியா ஒரு ஆட்டோ மேளத்தோட போச்சு தாயி. ஒரு எழவும் வெளங்கல, உங்க ஊர்ப் பேரு மட்டும் காதுல விழுந்துச்சு. கோயில் கொடைதான்னு நெனச்சேன்” என்றபடி செருப்பைக் கழற்றினார். “உங்கப்பன் எங்க? ரெண்டு பேருமா போயிட்டு வாறோம். வேட்டிய மாத்திட்டு வரச் சொல்லு.”