தோளில் பூசிய மருந்து

எங்கள் சனத்துக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. கோதாரி பிடித்த நல்ல பழக்கம். பிள்ளை இல்லாதவர்களிடம் முதல் இரண்டு மூன்று வருடம் கேட்டுக் குடைவார்கள். பிறகு ஒருநாள், எல்லோரும் கூடி முடிவெடுத்ததுபோல, வாயை மூடிவிடுவார்கள். தங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூப்பிடும்போதும் "சும்மா ஒரு சாப்பாடு, வாங்கோ" என்றுதான் சொல்வார்கள். நானும் மனைவியும் அப்படியான சாப்பாடுகள் நிறையச் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் நாங்கள் ஆசையை விடவில்லை. அதை யாரிடமும் சொல்லவுமில்லை. அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு களைப்பு வந்தது. நாங்கள் குடியேறியது பிரெஞ்சு பேசும் ஊர்; அங்கே புவாண்ட்-கிளேர் பக்கம் எனக்குக் கிடங்கு வேலை. வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றாமலே சோபாவில் விழுவேன். காரணமில்லாமல் எரிந்து விழுவேன். மற்ற விஷயத்திலும் மனம் போகவில்லை. அதை இதற்குமேல் விளக்கி எழுத இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் தரமும் எடுத்துப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் மிகவும் குறைவு என்று வந்தது.

லவாலில் ஒரு டொக்டரிடம் அனுப்பினார்கள். என்னுடைய பிரெஞ்சு கிடங்குப் பிரெஞ்சு. பெட்டியைத் தூக்கு, அந்தப் பக்கம் வை, நன்றிக்கு ஒரு மெர்சி. ஹோர்மோன் கதைக்க அது காணாது. அதனால் சகலனைக் கூட்டிக்கொண்டு போனேன். மனைவியின் அக்கா புருஷன். சின்ன வயதிலேயே வந்து இங்கே பிரெஞ்சில் படித்தவர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். நல்ல மனுசன். அதுதான் வினையாய்ப் போனது.

டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். குறட்டை உண்டா, நெஞ்சு வருத்தம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்ததா. சகலன் எல்லாவற்றையும் தமிழில் சொன்னார், நான் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்கு மட்டும் அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தானே பிரெஞ்சில் "இல்லை" என்றார். அந்த "இல்லை" எனக்கு விளங்கியது. கேள்விதான் விளங்கவில்லை. சிகரெட் பற்றியதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

தோளில் பூசுகிற ஹோர்மோன் ஜெல் தந்தார்கள். இரத்தம் தடிக்கலாம், அடிக்கடி சோதிக்க வேண்டும், பரு போடலாம், பூசிய இடம் மனைவியில் படக்கூடாது: இவ்வளவையும் சகலன் ஒரு சொல் தவறாமல் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியை மனைவி முதலில் பிள்ளையார் படம் இருக்கும் சுவர்த்தட்டில் வைத்துக் கும்பிட்டாள். இது ஆம்பிளைத்தனத்துக்கான மருந்து, பிள்ளைக்கும் அதுதானே வழி என்று இரண்டு பேரும் நினைத்தோம். வேறு எப்படி நினைப்பது?

பொய் சொல்லக்கூடாது, அந்த மருந்து வேலை செய்தது. சில வாரங்களில் மெத்ரோ ரயில் நிலையப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரனின் வாசல் பனியையும் சேர்த்து அள்ளினேன். "என்ன, புதுமாப்பிள்ளை மாதிரித் திரியிறியள்?" என்று மனைவி நக்கலடித்தாள். எங்கள் வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு எவ்வளவு காலம்! ஒவ்வொரு காலையும் தேத்தண்ணி போட்டபடி குசினியிலிருந்து கூப்பிடுவாள்.

"இஞ்சேருங்கோ, பூசியாச்சோ?"

அந்தத் தெம்பில்தான், கடைசியாக ஒருதரம் பார்ப்போம் என்று குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். இந்த முறை சகலன் வேண்டாம் என்றேன். சோதனை முடிவு சொல்லும் அன்று, மொழிபெயர்க்க அவர்கள் போனில் ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடித்துத் தந்தார்கள். முகம் தெரியாத குரல். அதற்குக் கூச்சமில்லை.

"அண்ணா, உங்கட விந்தில அணு ஒண்டுமே இல்லையாம். டெஸ்டோஸ்டிரோன் பாவிக்கிறீங்களோ எண்டு டொக்டர் கேக்கிறா."

"ஓம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. என் மடத்தனத்தைப் பாருங்கள்!

வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தால், உள்ளே விந்தணு உண்டாக்கும் வேலையை உடம்பு நிறுத்திவிடுமாம். "பிள்ளை வேணுமெண்டு இருக்கிற ஆக்களுக்கு இதைக் குடுக்கிறேல்லையாம். முதலே கேட்டிருப்பினமே எண்டு சொல்லுறா" என்றது குரல். பக்கத்தில் மனைவி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கார் நிறுத்தும் இடத்தில் நின்றே சகலனுக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, பிள்ளை வேணுமோ எண்டு அண்டைக்கு டொக்டர் கேட்டவரோ?"

"ஓம் தம்பி. உம்மட மனம் நோகக்கூடாதெண்டு நானே இல்லையெண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் இரண்டு பேரும் அந்த ஆசையை விட்டிட்டியள் எண்டு நினைச்சன்… ஏன், என்ன நடந்தது?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்னிடம் நேரே கேட்டிருந்தாலும், அவருக்கு முன்னால் "ஓம், வேணும்" என்று சொல்லியிருப்பேனா? தெரியாது.

டொக்டரிடம் சொல்லி மருந்தை நிறுத்தினேன். விந்தணு திரும்பி வரலாம், மாதங்கள் ஆகும், வருடமும் ஆகலாம், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார்கள். முதலில் திரும்பி வந்தது பழைய களைப்புத்தான். சோபா, சப்பாத்து, எரிச்சல். போன பனிக்காலத்தில் அணுக்கள் கொஞ்சம் தெரிகின்றன என்றார்கள். அதே கிழமை மனைவியின் சோதனை முடிவும் வந்தது. அவளிடம் கருமுட்டைகள் அநேகமாக முடிந்துவிட்டனவாம். இனி எனக்கு எது திரும்பி வந்து என்ன?

மிச்ச மருந்துப் பெட்டி இன்னும் பிள்ளையார் தட்டில்தான் இருந்தது. போன ஞாயிறு எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"உதைத் தூக்கி எறியுமப்பா!" என்று கத்தினேன்.

அவள் பெட்டியை எடுத்தாள். எறியவில்லை. மேலே படிந்திருந்த திருநீற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"நீங்கள் ஒரு நாளாவது பூச மறந்திருப்பியள்" என்றாள். "நான்தானே மறக்கவிடேல்லை."