சமிந்த என்று சொன்னேன்

கொட்டாஞ்சேனையிலிருந்து தனியாக மோட்டார் சைக்கிளில் இலங்கையின் தெற்கைச் சுற்றப் புறப்பட்டபோதே நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டேன். சிங்களக் கிராமங்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். ஒன்றில்கூடக் கால் வைத்தது கிடையாது.

வெல்லவாயவுக்கு அருகில் டயர் பஞ்சரானது. தேநீர்க் கடைக்கார அம்மா தன் கணவரைக் கூப்பிட்டு ஒட்டச் சொன்னார். என் பெயரைக் கேட்டார். "சமிந்த" என்று ஒரு சிங்களப் பெயரைச் சொன்னேன். கொழும்பில் வளர்ந்தவன், என் சிங்களத்தில் பிழை பிடிக்க முடியாது.

மேசையில் கிடந்த போன் அடித்தது. திரையில் தமிழ் எழுத்தில் 'அம்மா', கூடவே அவர் படம். துண்டித்தேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் துண்டித்தேன்.

"மகன், அம்மா பயந்திருப்பா. தமிழிலயே கதையுங்க" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, திரையைப் பார்த்துவிட்ட கடைக்கார அம்மா வானொலிச் சத்தத்தைக் குறைத்தார்.

எடுத்தேன்.

"எங்கயடா நிக்கிறாய்? அங்க தமிழில கிமிழில கதைச்சுப்போடாத!"

"ஓம் அம்மா" என்றேன்.

புறப்படும்போதாவது உண்மைப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"கவனமாப் போங்க, சமிந்த" என்றார் அவர். முகத்தில் கேலியே இல்லை. கேலி செய்திருந்தால் கோபப்பட்டாவது தப்பியிருப்பேன்.