பெயர் வெட்டிய சைக்கிள்

என் மகளுக்கு வாங்கிய முதல் சைக்கிள் நாற்பது நாள்தான் எங்களிடம் இருந்தது. பெங்களூர் அல்சூரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி உண்டு. அதன் வாசலில் நிறுத்திவிட்டு பன் வாங்க உள்ளே போயிருக்கிறாள். வெளியே வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. பூட்டு அவள் கையில் இருந்தது. அந்தப் பூட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்து வந்து, "பூட்டு பத்திரமா இருக்கும்மா" என்றாள். எட்டு வயசுக் குழந்தை. கன்னத்தில் ஒன்று விட்டேன். எனக்கு எப்போதும் கை முன்னால் போகும், புத்தி பின்னால் மூச்சிரைக்க வரும்.

ஆறு மாதம் கழித்து அவள் பிறந்தநாளுக்கு இரண்டாவது சைக்கிள் வாங்கினோம். ஊதா நிறம், முன்னால் வெள்ளைக் கூடை, கைப்பிடியில் குஞ்சம். கடைக்காரர் நம்பர் பூட்டு, சங்கிலிப் பூட்டு, தொட்டால் கத்துகிற அலாரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். சங்கிலிப் பூட்டு மட்டும் வாங்கினேன். எனக்கு வேறு யோசனை இருந்தது. குடியாத்தத்தில் எங்கள் அம்மா வீட்டில் டம்ளர் தொடங்கி அண்டா வரைக்கும் பெயர் வெட்டாத பாத்திரமே கிடையாது. விசேஷ வீட்டுக்கு இரவல் போகும் குண்டான் பத்து வீடு சுற்றினாலும் பெயரைப் பார்த்து யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பாத்திரத்துக்கு ஆகிறது சைக்கிளுக்கு ஆகாதா?

புதுச் சைக்கிளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிவாஜிநகரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். பெயர் வெட்டும் மிஷினோடு உட்கார்ந்திருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடத்துக்கு வெட்டுவோம், தூக்குக்கு வெட்டுவோம். சைக்கிளுக்கு யாராச்சும் வெட்டுவாங்களாம்மா? பெயின்ட் போயிடும்."

"போனா போவுது, வெட்டுங்க."

"இங்கிலீஷா, கன்னடமா?"

"தமிழ்ல வெட்டுங்க. எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் தமிழ்லதான் இருக்கு."

கைப்பிடிக்குக் கீழே உள்ள பெரிய குழாயில், அப்பாவின் இனிஷியலோடு மகளின் பெயர் ஏறியது. ஊதா பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்து அடியில் இரும்பு தெரிந்தது. "புதுச் சைக்கிளைக் கீறிட்டியேம்மா" என்று என் மகள் உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கு அந்த எழுத்தைப் படிக்கவும் தெரியாது. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி.

எங்கள் அபார்ட்மெண்டில் வருடா வருடம் ஏப்ரலில் சைக்கிள்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வளர்ந்த பிள்ளைகளின் சைக்கிள்கள் பார்க்கிங்கில் தூசி படிந்து இடத்தை அடைத்துக்கொண்டு நிற்குமல்லவா, அதற்காக இந்த ஏற்பாடு. வேண்டியவர்கள் வீட்டு நம்பர் எழுதிய ஸ்டிக்கரை வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். குறித்த தேதிக்குள் ஸ்டிக்கர் இல்லாத சைக்கிள்களைச் சங்கத்துச் செக்ரட்டரி பூட்டை அறுத்தாவது எடுத்து, பெருக்கித் துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். வாட்ஸப் குழுவில் மூன்று முறை எழுதினார். செக்யூரிட்டி வீட்டுக்கே ஸ்டிக்கரைக் கொண்டுவந்தார்.

"ஸ்டிக்கர்னா திருடன் உரிச்சுட்டுப் போயிடுவான். வெட்டின பேரை உரிக்க முடியுமா?" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, கோடை விடுமுறைக்குக் குடியாத்தம் போய்விட்டோம்.

மே மாதக் கடைசியில் திரும்பி வந்தபோது சைக்கிள் இருந்த இடத்தில் அறுந்த சங்கிலி கிடந்தது. அவ்வளவுதான், சாமி வந்தவள் மாதிரி ஆடினேன். குழுவில் படம் போட்டு "திருட்டு" என்று எழுதினேன். மூன்றாவது மாடிக்காரர் ஒருவர், "ஸ்டிக்கர் ஒட்டினீர்களா, கிளியரன்ஸில் போயிருக்கலாம்" என்று தன்மையாகத்தான் கேட்டார். பெயர் வெட்டிய சைக்கிளைக் கண் இருக்கிறவன் எவனாவது எடுத்துக் கொடுப்பானா, உங்களுக்குப் போனால் தெரியும் என்று பத்து வரி பதில் போட்டேன். அதன் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. செக்ரட்டரி அதற்குள் பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தார். ஒரு வாட்ஸப் கால் போட்டுக் கேட்டிருக்கலாம். அதற்குக் காசு கூட ஆகாது. நான் கேட்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், மாலை நாலு மணி. மகளை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறக்கி அழைத்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் கேட்டுக்கு வெளியே மர நிழலில், ஊதா சைக்கிளில் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி ஒரு பெண் நின்றிருந்தாள். பத்து, பதினோரு வயசு இருக்கும். எங்கள் பிளாக்கைப் பெருக்குகிற அம்மாவின் மகள். பக்கத்து மர்பி டவுனிலிருந்து, வேலை முடிகிற நேரத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போக வந்திருக்கிறாள்.

"அம்மா, என் சைக்கிள்!" என்றாள் என் மகள்.

திருடியவள் திருடிய வாசலுக்கே அதில் ஏறி வருவாளா என்று கேட்கிறீர்களா? எனக்கும் அந்த யோசனை வந்தது. எவ்வளவு திமிர் இருந்தால் இங்கேயே ஓட்டிக்கொண்டு வருவாள் என்றுதான் அது முடிந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தேன். சைக்கிளோடு விழுந்தாள். கைப்பிடிக்குக் கீழே பச்சை நிறத்தில் பளபளவென்று ஒரு டேப் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. பெயரை மறைத்திருக்கிறார்கள் பார் என்று நகத்தால் பிய்த்து உரித்தேன். உள்ளே என் மகளின் பெயர் துருப் பிடித்துக் கிடந்தது.

"படிடி. சத்தமாப் படி, இது யார் பேரு?"

"எனக்குத் தமிழ் படிக்க வராது ஆன்ட்டி."

"திருட மட்டும் வருதா?"

கூட்டம் கூடிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள், கூரியர்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெயரை நானே உரக்கப் படித்தேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவள் அம்மா ஓடி வந்தாள்.

"மேடம், வுடுங்க மேடம், பாப்பா கை மேடம். செக்ரட்டரி சாருதான் குட்தாரு. ஸ்டிக்கர் இல்லாத சைக்கிளெல்லாம் எங்களுக்குக் குட்தாங்க. பெயின்ட் போயி துரு ஏறுதுன்னு பாப்பாதான் டேப்பு சுத்துச்சு. சாரைக் கேட்டுப் பாருங்க."

"அவரு அமெரிக்காவுல இருக்காருன்ற தைரியத்துலதானே அளக்கற?"

அவளோடு வேலை செய்கிற இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். அதே நாளில் அவர்களுக்கும் ஆளுக்கொரு சைக்கிள் கிடைத்திருந்தது. எங்கே தங்களையும் திருடி என்று சொல்லிவிடுவேனோ என்று தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி சூப்பர்வைசர் வந்தார். போலீசுக்குப் போகிறேன் என்றேன். "பேடா மேடம், போலீஸ் எல்லாம் வேணாம். இன்னையோட இவங்களை நிறுத்திடறோம்" என்றார். அதுவரை அழுதுகொண்டிருந்த அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் எதிரே வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்.

"வேலைய எடுத்துக்குங்க மேடம். திருடின்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தப் பேரு வந்துடுச்சின்னா வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க. பாப்பாவ வெச்சுக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

"செய்யறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சூப்பர்வைசர் அன்றே அவள் படத்தைச் சுற்று வட்டார ஏஜென்சிக்காரர்களின் குழுவில் போட்டுவிட்டார். எங்கள் குழுவில் எனக்கு ஒரே பாராட்டு. கையும் களவுமாகப் பிடித்த கெட்டிக்காரி என்று பாதுகாப்புக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

செப்டம்பரில் செக்ரட்டரி திரும்பி வந்தார். லிஃப்டில் பார்த்து நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "அய்யோ, நான்தானே அவளுக்குக் கொடுத்தேன்" என்று போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். நாலு ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், நாலு சைக்கிள். ஊதா சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னப் பெண் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "குழாயில் உங்கள் பாஷையில் ஏதோ எழுதியிருந்தது. எனக்குத் தமிழ் தெரியாது. கம்பெனி பெயர் என்று நினைத்தேன்" என்றார். பிறகு, "அவள் பாவம், கேட்டிருக்கலாமே" என்றார். லிஃப்ட் கதவு திறந்தது. நான் இறங்கவில்லை, மறுபடி கீழேயே போனேன்.

ஒரு மாதம் யோசித்தேன். யோசித்தேன் என்பது பொய், பயந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு மர்பி டவுனுக்குப் போனேன். விசாரித்துச் சந்துக்குள் நுழைந்தபோது அந்தப் பெண் வாசல் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் உருட்டி வந்த சைக்கிளைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு என்னை. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் நகர்ந்தாள்.

"ஆன்ட்டி, நான் இப்ப ஸ்கூலுக்கு நடந்துதான் போறேன்" என்றாள்.

குரல் கேட்டு அவள் அம்மா வெளியே வந்தாள். நாலு மாதமாக வீடு பெருக்கும் வேலை எங்கும் கிடைக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கிறாளாம், கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. நான் தெரியாமல் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே, இந்தச் சைக்கிளைப் பாப்பாவுக்கு வைத்துக்கொள் என்றேன்.

"சைக்கிள் வேணாம் மேடம்" என்றாள். "எழுதிக் குடுங்க. நான் திருடல, சார் குட்தது, நீங்கதான் தப்பா சொல்லிட்டீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி உங்க பேரு, கையெழுத்து போட்டுக் குடுங்க. அத காமிச்சு எங்கனா வேலை கேப்பேன்."

பெண்ணைப் பார்த்து, "நோட்டுல ஒரு தாள் கிழிச்சினு வாடி" என்றாள். அது உள்ளே ஓடி, கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கோணல்மாணலாக இல்லாமல் பார்த்துப் பார்த்துக் கிழித்துக்கொண்டு வந்தது. பேனாவையும் மூடி திறந்து நீட்டியது.

நான் வாங்கவில்லை. அந்தத் தாளை யாராவது படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டால்? கமிட்டியில் எந்த முகத்தோடு உட்காருவேன்? எல்லோர் முன்னாலும் பெயரைக் கூவியவள் நான்தானே! "பேப்பர் எல்லாம் எதுக்கும்மா? சூப்பர்வைசர்கிட்ட நான் போன்ல சொல்லிடறேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை. பெண்ணின் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள். "சைக்கிள எடுத்துனு போயிடுங்க. இங்க இருந்தா மறுபடி திருட்டும்பீங்க" என்றாள்.

சூப்பர்வைசருக்கு நான் போன் செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியது அப்படியே நின்றுவிட்டது.

இந்த ஏப்ரலில் ஸ்டிக்கர் கொடுக்கும் பொறுப்பு கமிட்டி ஆளான எனக்கே வந்தது. மகள் வளர்ந்துவிட்டாள், அந்தச் சைக்கிளில் முட்டி இடிக்கிறது. வாசலில் நடந்ததற்குப் பிறகு அவள் அதில் ஏறவும் இல்லை. வேண்டுமென்றே அதற்கு ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டேன், சங்கிலியும் போடவில்லை. யாருக்காவது போகட்டும், என் கண்ணில் படாமல் தொலையட்டும் என்று நினைத்தேன். கொடுக்கும் நாளில் மற்ற சைக்கிள்களை எல்லாம் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊதா சைக்கிள் மட்டும் நின்றது. புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதே, எடுத்துக்கொள் என்றேன்.

"அதுவா? அய்யோ, வேணாம் மேடம்" என்று இரண்டு அடி தள்ளி நின்றாள். "அத தொட்டா வேலை போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க."

தூணோரம் அது இப்போதும் நிற்கிறது. பூட்டு கிடையாது. கூடைக்குள் யாரும் குப்பை கூடப் போடுவதில்லை. என் மகளின் பெயர் போட்ட பொருள் பத்திரமாக இருக்கிறது.