புது கார்டு

வருகிறவரின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டுதான் அக்கா பேச்சையே ஆரம்பிப்பார். கண்ணாடி பிரேம் காதுக்குப் பின்னால் எங்கே அழுத்துகிறது என்று தடவிப் பார்ப்பார். கழற்றிச் சூடு காட்டி, மயிரிழை அளவு வளைத்து, மறுபடி மாட்டிவிடுவார். "ரெண்டு காதும் ஒரே உயரத்துல யாருக்குமே இருக்காது. உங்களுக்குக் கொஞ்சம் ஓவர்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து புகைப்படத்துக்கு நிற்கும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் வெறும் சம்பள ஆள்தான். ஆனால் முதலாளியே அவரிடம் பார்த்துத்தான் பேசுவார். அவசரப்படுத்துகிறவர்களிடம், "உக்காருங்க, மூக்கு எங்கயும் ஓடிடாது" என்பார். அந்த வாய்தான் அவருக்கு வினையாகவும் முடிந்தது.

அவருக்கு ஒரே தம்பி. இவர் அலைந்து வாங்கிக்கொடுத்த வேலையைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு வந்து நின்றான். "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்று கத்திவிட்டார். அன்றே பைக்கை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனவன்தான். "பொறந்ததுலேர்ந்து நான் சொன்ன ஒண்ணையும் கேக்காதவன், இத மட்டும் கேட்டுட்டான்" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, ஏற்கெனவே இறுகிய திருகாணியை மேலும் திருகுவார். வாசலில் பைக் சத்தம் கேட்டால் கையில் இருப்பது யாருடைய கண்ணாடி என்பதுகூட மறந்துபோகும். நீங்களே கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்டால், கூப்பிட்டு அவன் எடுக்காமல் போய்விட்டால் அதற்குப் பிறகு எதை நினைத்துக்கொண்டு இருப்பது என்று திருப்பிக் கேட்பார்.

மிச்சமிருந்த ஒட்டு ஒன்றே ஒன்று. பைக்கின் இன்சூரன்ஸ் தம்பி பெயரில் இருந்தது, அதற்குக் கொடுத்திருந்தது அக்காவின் கார்டு. வருடா வருடம் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். இந்த வருடம் கார்டு காலாவதியாகி, வங்கியிலிருந்து புதியது வந்தது. அக்கா பழையதைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, புது எண்ணைக் கம்பெனிக்குச் சொல்லாமல் கமுக்கமாக இருந்துவிட்டார். "பணம் வரலன்னு அவனுக்குத்தானே தகவல் போகும்? அக்காவுக்கு என்னாச்சோன்னு ஒரு போனாவது பண்ண மாட்டானா?" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம் அப்போது அவருக்கு.

வந்தது போன் அல்ல, குறுஞ்செய்தி. காப்பீடு வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டதாம்.

வங்கியில் விசாரித்தார். கார்டு மாறினால், தானாகப் பணம் எடுக்கும் கம்பெனிகளுக்குப் புது விவரத்தை அவர்களே அனுப்பிவிடுவார்களாம், எல்லாம் வாடிக்கையாளரின் வசதிக்காகத்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம், புகார் எழுதுங்கள் என்று குதித்தேன். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. "என் வசதி எதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றதோடு சரி.

என் நச்சரிப்பு தாங்காமல் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பேசினார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். பணம் போனது உங்கள் கார்டிலிருந்து என்பதால் புதுப்பித்ததை இப்போதே ரத்து செய்யலாம், உடனே உங்கள் தம்பிக்குத் தகவல் போகும் என்றது. கேட்டது கைக்கே வந்துவிட்டது. நான் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"அப்ப, அவன் அதப் பாக்குற வரைக்கும் வண்டி இன்சூரன்ஸ் இல்லாமயா ஓடும்?"

"ஆமா மேடம்."

"வேணாம்மா. இருக்கட்டும்."

பிறகு, தம்பி எப்போதாவது அங்கே பேசினானா, நன்றாக இருக்கிறானா என்று கேட்டார். வாடிக்கையாளர் விவரங்களை வெளியே சொல்ல அனுமதி இல்லையாம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று குரல் கேட்டது.

"அவன் என்னைக்காவது கூப்பிட்டான்னா, அக்கா நம்பர மாத்தலன்னு மட்டும் சொல்லிடும்மா."

குறித்துக்கொள்வதாகச் சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள். அக்கா போனின் ஓரத்திலிருந்த ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினார். இதற்குமேல் சத்தம் ஏறாது என்று திரை காட்டிய பிறகும் விரலை எடுக்கவில்லை.