தண்ணீர் ஊற்றவிடாத அங்கம்மாள்

அயோத்தியாப்பட்டணத்து நூல் வியாபாரி தண்டாயுதபாணி முதலியார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஒரு பெண்பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்தார். அவள் தன் வேலைப் பொழுதில் முக்கால்வாசியை, மற்றவர்கள் தண்ணீர் ஊற்றாமல் தடுப்பதிலேயே கழித்தாள். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவள் கட்சி.

பெயர் அங்கம்மாள். ஆட்டையாம்பட்டியில் நெசவுக் குடும்பம். புருஷன் தவறிப்போன பிறகு அண்ணன் கைலாசத்தின் வீட்டில் எட்டு மாதம் இருந்தாள். அவள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அண்ணி சோற்றுச் சட்டியை மூடிய விதம் பிடிக்காமல், "இனி இந்த ஊட்டுப் படிய மிதிச்சா என் பேரு அங்கம்மா இல்ல" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினவள். முதலியார் தோட்டத்து மூலையில் கொடுத்த ஒற்றை ஓட்டு அறைதான் அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த கூரை. வேலை போனால் அந்த அறை போகும். அறை போனால் அண்ணன் வீடுதான் கதி. இதை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. மறக்காதவள் அடக்கமாக நடந்துகொள்வாள் என்று நினைத்தால் அது நம் தப்பு.

செடிகள் ஏற்காட்டிலிருந்து வந்தவை. அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் முப்பத்துநாலில் சீமைக்குத் திரும்பியபோது, நாற்பது ஆர்க்கிட் சட்டிகளை முதலியார் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஊரார் அதற்குத் துரைச்செடி என்று பெயர் வைத்தார்கள். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு பனியில் வளர்ந்த செடி, மலையை விட்டு இறங்கினால் வெயில் தாங்காது என்று முதலியார் பயந்தார். காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் என்று உத்தரவு போட்டார். ஆக, காய்ந்து சாகும் என்று பயந்த செடிகளில் ஆறு, முதல் வருஷமே நனைந்து செத்தன.

வேலைக்கு வந்த முதல் நாள் அங்கம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒரு சட்டியிலிருந்து தேங்காய் நாரைப் பிய்த்து மோந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இது ஊசிப்போன பாவு நாத்தமுங்க. இதுக்கு மேலயும் தண்ணி ஊத்தச் சொல்றீங்களே, கண்ணு தெரியுதுங்களா?"

முதலியாரிடம் யாரும் அப்படிப் பேசினதில்லை. அதனால் செடிகளை அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு உள்ளே போனார்.

பாவு சமாச்சாரம் இது: தறியில் ஏற்றுமுன் நூலுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். பொழுது சாய்வதற்குள் அது காய வேண்டும். ஓர் ஐப்பசியில், மழைக்கு நடுவே ஈரம் போய்விட்டதென்று நம்பி அங்கம்மாள் ஒரு பாவைச் சுருட்டி வைத்தாள். மூன்றாம் நாள் பிரித்தால் வெள்ளைப் பூஞ்சணம். நூல் தொட்ட இடத்தில் அறுந்தது. புருஷன் அன்று திட்டியதை அவள் மன்னித்துவிட்டாள். மழையை மட்டும் மன்னிக்கவில்லை.

அந்தக் கோபத்தோடு அவள் துரைச்செடிகளைக் கையில் எடுத்தாள். சட்டிகளின் பக்கவாட்டில் ஓட்டை போட்டாள். அழுகின நாரைக் கொட்டிவிட்டு, அடியில் ஓட்டுச்சில்லு, மேலே அடுப்புக்கரி, அதற்கும் மேலே கொஞ்சமாகப் புது நார். காலை வெயில் ஏறுமுன் ஒரே ஒரு தரம் தண்ணீர், அதுவும் நாரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால்தான். மூட்டம் போட்ட நாளில் கிடையாது. குருத்தில் சொட்டு நின்றால் துணியால் ஒற்றி எடுப்பாள். காற்று வர வேண்டுமென்று செடிக்கொட்டகையின் தட்டியைச் சுருட்டிக் கட்டினாள்.

"குடிக்கக் குடுத்தா மட்டும் போதுங்களா? காயவும் உடோணும்" என்பாள்.

செடிகள் பிழைத்தன. இரண்டாம் வருஷம் பூத்தன. பூவைப் பார்க்கச் சேலத்திலிருந்து வண்டி கட்டி வந்தவர்களிடம் முதலியார் தம் கைராசியைப் பற்றி விரிவாகப் பேசினார்.

அவர் மனைவி ராஜம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. மண் இல்லாமல் கரியில் நட்டு, தாகத்துக்குத் தண்ணீரும் கொடுக்காமல் வைத்திருக்கிறாளே என்று இரக்கம். இரக்கம் மேலிட்டால் யாருக்கும் தெரியாமல் ஒரு சொம்பு ஊற்றிவிடுவார். அங்கம்மாளின் புறங்கை அதைக் கண்டுபிடித்துவிடும்.

"யாரு ஊத்துனது?"

"ஒரு வாய்த் தண்ணிடி. நீயும் பொம்பளைதானே?"

"நான் பொம்பளைங்க. இது செடிங்க. எனக்கு வேணுமின்னா ஊத்துங்க, குடிச்சுக்கறேன்."

முப்பத்தெட்டாம் வருஷ ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கரி வாங்க அங்கம்மாள் சேலம் போயிருந்தாள். அந்த வீட்டில் பூஜைக்கு வைத்த எந்தக் கருவியையும் விஜயதசமிக் காலை வரை தொடக் கூடாது. தராசு, படிக்கல், கத்தரி, அரிவாள் எல்லாம் கழுவிச் சந்தனம் வைத்தாயிற்று. பூவாளியும் கருவிதானே என்று ராஜம்மாளுக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை. அடுத்த நினைப்புதான் வினை: பூவாளி ஓய்வில் இருந்தால் செடி பட்டினி கிடக்குமே! சாயங்காலம், வானம் கவிந்து கிடந்த நேரத்தில், இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்து ஒரே தரமாக ஊற்றிவிட்டு, பூவாளிக்குக் குங்குமம் வைத்தார்.

மறுநாள் காலை கரிமூட்டையோடு வந்த அங்கம்மாள் முதல் சட்டியைத் தொட்டாள். பிறகு கடைசிச் சட்டியைத் தொட்டாள். விடாத தூறல் வேறு. நேராகப் பூஜை அறைக்குள் போய், சாமி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு கிடந்த கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அடி பாவி! பூஜையில வெச்சத எடுக்கறயே, கலைமகள் சும்மா உடுவாளா?"

"ரெண்டு நாளுத் தண்ணிய ஒரே நாள்ல ஊத்துவீங்களா? உங்களுக்கு ஏகாதசிக்கு முந்தின நாளே ரெண்டு நாச் சோத்தையும் சேத்துப் போட்டா வயிறு என்னாகும்? நவுருங்க அந்தப் பக்கம்!"

செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கறுத்த வேரைக் கத்தரித்து, காய்ந்த கரியில் மாற்றினாள். கை ஓடிய வேகத்துக்கு வாயும் ஓடியது. மழையைத் திட்டினாள், மலையைத் திட்டினாள், செடியை விட்டுப்போன துரையைத் திட்டினாள். இருபத்தேழு சட்டி முடிந்தபோது ராஜம்மாள் முதலியாரைக் கூட்டி வந்துவிட்டார். பூஜை நாளில் மனைவியை எதிர்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

"போதும், கத்தரியக் குடு" என்றார்.

"இன்னும் ஏழு சட்டி இருக்குதுங்க."

"குடுன்னா குடு."

கொடுத்தாள். ராஜம்மாள் அதைக் கழுவி மறுபடி சந்தனம் வைத்தார். அன்றே ஆட்டையாம்பட்டிக்கு ஆள் போயிற்று: வந்து தங்கச்சியைக் கூட்டிப் போ.

நாலாம் நாள் கைலாசம் மாட்டு வண்டியோடு வந்தான். முகத்தில் துக்கம், குரலில் திருப்தி.

"வா சாமி, போலாம். அண்ணன் ஊடு இருக்கையில ஏன் அடுத்தவங்க தோட்டத்துல?"

அங்கம்மாள் அறை வாசலில் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அண்ணனை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை.

"நான் பண்ணுனது தப்புன்னா போறேனுங்க" என்றாள் முதலியாரிடம். "சட்டிய மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

முதலியாருக்குச் செடி தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக நூல் வாங்கி விற்றவர். கட்டை அவிழ்க்குமுன்னே உள்ளே ஈரம் பட்டிருப்பதை மூக்கால் சொல்லுவார். மாற்றின சட்டிகளில் நாலைந்தை மோந்தார், கரி வாசனை. பிறகு மாற்றாத ஏழின் பக்கம் போனார். முதல் சட்டியிலேயே முகம் சுளித்தது. நார் முழுக்கப் பஞ்சு போல வெள்ளை படர்ந்திருந்தது. இலையைத் தொட்டதும் அடியோடு கையில் வந்தது.

"கலைமகள் கோபம்" என்றார் ராஜம்மாள்.

"கத்தரி பட்டதை உட்டுட்டுப் படாததுமேல மட்டும் கோவிச்சுக்கிட்டாளாக்கும்?" என்றார் முதலியார். அந்த வீட்டில் அவர் மனைவியை எதிர்த்துப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, தப்பிக்கிறவரைப் போலக் கைலாசத்தின் பக்கம் திரும்பினார்: "நீ வண்டியத் திருப்புப்பா. உன் தங்கச்சி வரல."

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஏழு செடி செத்திருக்காதுங்களே!" என்று எழுந்தாள் அங்கம்மாள். "இங்கயே கெடந்தா மத்ததுக்கும் ஒட்டும்." அண்ணனை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "ஆள ஏத்தத்தானே வண்டி கொண்டாந்தே? புடி, இதை ஏத்து. போற வழியில ஊருக்கு வெளியே தள்ளிட்டுப் போ."

கைலாசம் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏழு சட்டிகளையும் ஏற்றினான். கடைசிச் சட்டியை வைத்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டான்.

ராஜம்மாள்தான் கொண்டு வந்து கொடுத்தார்.